மலையில் சிக்கனம்: முதலில் எதை வெட்டுவது, எதைத் தொடவே கூடாது?

குந்தாக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அரசிடம் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் உடனே எகிறும் ஆள் நான் இல்லை. பச்சைத் தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் உரம் வாங்குவதா, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவதா என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். சிக்கனம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் சிக்கனம் என்று வந்துவிட்டால் கத்தி ஏன் எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்கள் மீது எனக்குக் குறையும் இல்லை. கட்டடத்துக்குப் புது டைல்ஸ், புது வண்ணம், புதுப் பெயர்ப் பலகை. ஆய்வகக் கதவில் மட்டும் பூட்டு. நுட்புநர் அயல்பணியில் வேறு நிலையத்துக்கும் போய்வருகிறார். எந்த நாள் எங்கே இருப்பார் என்பது அவருக்கே முதல் நாள் மாலைதான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு காலை ஏழரை மணிக்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்தரை மணிக்கு, "இன்றைக்கு இல்லை அம்மா" என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மஞ்சூரிலிருந்து உதகைக்கு பஸ் ஏறினார். இருவருக்கும் அன்றைய தோட்டக் கூலி போயிற்று. மதியச் சாப்பாடு வெளியில். முடிவு வாங்க மறுபடியும் ஒரு பயணம். பரிசோதனை என்னவோ இலவசம்தான்.

அரசுக் கணக்கில் ஒரு நுட்புநரின் சம்பளம் மிச்சமாகியிருக்கிறது. அந்த மிச்சத்தைக் கட்டியது இந்த அம்மாவின் சுருக்குப் பை. இதை எந்தத் தணிக்கையில் எழுதுவார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவூலத்து ஆள் (ஓய்வு, குன்னூர்)

தம்பி, கருவூலத்தில் பட்டியல் பார்த்தே தலை நரைத்தவன் நான். கத்தி ஏன் அங்கேயே விழுகிறது என்பதற்கு என்னிடம் பதில் உண்டு.

அரசுக் கணக்கில் கட்டடம், பாலம், ஸ்கேன் இயந்திரம் எல்லாம் மூலதனச் செலவு. சம்பளம், மருந்து, டீசல், மின் கட்டணம், ஆய்வகத்துக்கான ரசாயனம் எல்லாம் வருவாய்ச் செலவு. 2003இல் வந்த தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கச் சொல்கிறது. நிதிப் பற்றாக்குறையை மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. கடன் வாங்கிக் கட்டடம் கட்டினால் சொத்து என்று ஏறும். கடன் வாங்கி நுட்புநருக்குச் சம்பளம் கொடுத்தால் வருவாய்ப் பற்றாக்குறை என்று ஏறும். நோயாளிக்கு எது தேவை என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான நிதிநிலை வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு கொரோனா நெருக்கடியில் அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள்; ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் பெறும் சரண்டரை நிறுத்தினார்கள்; ஓய்வுபெறும் வயதை 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தினார்கள். ஓய்வுப் பலன்களை மொத்தமாகக் கொடுப்பது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும் அல்லவா! நெருக்கடி நிஜம்தான்.

ஆனால் வெட்டுவதற்கு மிக எளிது காலிப் பணியிடம். இருப்பவரை நீக்கினால் என்ன ஆகும் என்பதை 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியபோது பார்த்தோம். நீதிமன்றம் வரை போய், பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டுப் பாருங்கள், சத்தமே வராது.

மலையில் இன்னொரு சுழற்சியையும் பார்த்திருக்கிறேன். பணியிடம் அனுமதிக்கப்பட்டிருக்கும். குளிர், வாடகை, பிள்ளைகளின் பள்ளி என்று காரணம் சொல்லி யாரும் வந்து சேரமாட்டார்கள். சம்பளத்துக்கு ஒதுக்கிய பணம் மார்ச் மாதம் சரண்டர் ஆகும், அதாவது செலவாகாமல் அரசுக்கே திரும்பிப் போகும். அடுத்த ஆண்டு, "போன முறையே செலவாகவில்லையே" என்று ஒதுக்கீடு குறையும். ஆள் வராததே ஆள் தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.

பனிக்காலச் செவிலியர்

அய்யா சொல்வது அப்படியே உண்மை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியிடம் செலவு என்பதால் தொகுப்பூதியம் கண்டுபிடித்தார்கள். 2015இல் தேர்வு எழுதி வந்தவர்களை 7,700 ரூபாயில் எடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு எத்தனை ஆண்டு நீண்டது என்பது ஊரறிந்தது. மலையில் அறை வாடகை, கம்பளி, விறகு அல்லது ஹீட்டர் செலவு போக அதில் என்ன மிஞ்சும்? வந்தவர்கள் எல்லாம் சமவெளிக்கு மாறுதல் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார்கள். அனுபவம் வந்த கையாக ஆள் போய்விடுவார். மறுபடியும் புது ஆள், மறுபடியும் பயிற்சி. இதைச் சிக்கனம் என்று யார் சொன்னது?

கமர்ஷியல் சாலை

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனையும் திறந்தாயிற்று. இதயம், நரம்பு என்று எதற்கெடுத்தாலும் கோவைக்கு ஓடிய மாவட்டம் இது. கட்டடம், கட்டடம் என்று ஏளனம் செய்கிறீர்களே, அந்தக் கட்டடம் இல்லாவிட்டால் பேராசிரியர்களும் பட்டமேற்படிப்பு மருத்துவர்களும் மலை ஏறியிருப்பார்களா?

இரண்டாவது, மக்கள்தொகை. 2001இல் 7,62,141 பேர், 2011இல் 7,35,394 பேர். தமிழ்நாட்டில் ஆள் குறைந்த மாவட்டம் நம்முடையது. ஆள் குறையும் இடத்தில் ஊருக்கு ஊர் ஆய்வகம் வை, இரவு மருத்துவர் வை என்றால் பணம் எங்கிருந்து வரும்? பெரிய மருத்துவமனை ஒன்று, நல்ல சாலை, வேண்டிய ஆம்புலன்ஸ். இதற்குமேல் கேட்பது பேராசை என்பது என் கட்சி.

குந்தாக்காரன்

கமர்ஷியல் சாலை அண்ணா, உதகையில் இருக்கும் உங்கள் கடையிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்விடலாம். எங்கள் பக்கத்திலிருந்து கெத்தை வழியாகக் கீழே இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவு. மேலே உதகைக்கு வந்தால் வழியெல்லாம் மரம் விழும் சாலை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது "நல்ல சாலை" எங்கே இருந்தது?

ஆள் குறைந்தது என்கிறீர்கள். தூரம் குறைந்ததா? சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்று விதி வைத்தார்களே, அது மலைக்காரர்கள் மீதுள்ள பிரியத்திலா? நடக்கும் நேரத்தை மனத்தில் வைத்துத்தானே! அது போக, கோடைக்காலத்தில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகள் எந்த மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறார்கள்? வளைவில் கார் கவிழ்ந்தால் முதலில் தூக்கிக்கொண்டு வருவது பக்கத்திலிருக்கும் சின்ன நிலையத்துக்குத்தான்.

சேரம்பாடிப் பேத்தி

உதகை, குன்னூரோடு நீலகிரி முடிந்துவிடுகிறது என்று நினைக்கும் பழக்கம் இந்தக் குழுமத்திலும் இருக்கிறது. பந்தலூர் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து உதகை 70 கி.மீ.க்கு மேல். அவசரம் என்றால் எங்கள் ஆட்கள் ஜீப்பைத் திருப்புவது கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குத்தான். 700 படுக்கை பற்றி எங்களிடம் பேசுவதும் சென்னையைப் பற்றிப் பேசுவதும் ஒன்று.

என் தாத்தா பாட்டி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். தாயகம் திரும்பியோருக்காக அரசே தொடங்கிய தேயிலைத் தோட்டம் பின்னர் டான்டீ என்ற அரசுக் கழகம் ஆயிற்று. தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 என்று ஒன்று இருந்ததால் லயன் என்ற தொழிலாளர் வரிசை வீடு, பிள்ளைக் காப்பகம், டிஸ்பென்சரி எல்லாம் நிர்வாகம் தர வேண்டிய கடமை. பாட்டி காலத்தில் கம்பவுண்டர் லயனுக்கே வந்து காய்ச்சல் பார்த்தார் என்பார்கள். தோட்டம் நட்டத்தில் விழுந்தது. 2022இல் 2,152 ஹெக்டேர் தோட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தது. தோட்டம் சுருங்கினால் அதோடு ஒட்டிய மருத்துவமும் சுருங்கும். ஆனால் லயனில் இருக்கும் கிழவர்கள் எங்கே போவார்கள்? அவர்களைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று சுகாதாரத் துறை நினைத்தது. இனி அரசின் பொறுப்பு என்று நிர்வாகம் நினைக்கிறது.

எங்கள் உறவுகள் பாதிப் பேர் இன்னும் ஹட்டன் பக்கம்தான். 2022இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது தொலைபேசியில் கேட்டதெல்லாம் மருந்துக் கதைதான். பேராதனை மருத்துவமனையில் மார்ச் கடைசியில் வழக்கமான அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினார்கள். மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, டாலர் இல்லை. அத்தை தைராய்டு மாத்திரையை நாள் விட்டு நாள் போட்டுக்கொண்டார். அங்கேயும் இலவச மருத்துவம் ரத்து என்று யாரும் அறிவிக்கவில்லை. மருத்துவமனை திறந்தே இருந்தது. மருந்துதான் இல்லை.

மருந்துப் பெட்டி (மருந்தாளுநர்)

இலங்கைக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சிக்கனம் என்றால் மக்களைச் சாகடிப்பது என்றே எல்லோரும் பேசுகிறோம். ஒழுங்காகச் செய்த சிக்கனம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கினார்கள். பல பேர் பல விலைக்கு மருந்து வாங்குவதை விட்டு, மாநிலம் முழுமைக்கும் ஒரே கொள்முதல். கம்பெனிப் பெயர் பார்க்காமல் மூலப்பெயரில் ஓர் அத்தியாவசியப் பட்டியல். ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறை: தொழில்நுட்பத் தகுதி முதலில், அதில் தேறியவரின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்பார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு. கேரளமும், 2011இல் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒன்று. ஆண்டு ஒதுக்கீடு அதில் தொகையாக இருக்கும். கிடங்கில் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் எடுத்தால் அந்த மதிப்பு கழியும். அதனால் ஒரு நிலையம் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எடுக்க வேண்டும். சமவெளியில் வேகமாகப் போகும் மருந்து மலையில் தேங்கலாம். இங்கே நெஞ்சுச் சளியும் ஆஸ்துமாவும் ஜூன் முதல் வாட்டும். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த மருந்தாளுநர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது: பெட்டி வந்ததும் எண்ணிக்கையை அப்புறம் பார், முதலில் காலாவதித் தேதியைப் பார், முந்தி முடிவதை முன்னால் அடுக்கு. எங்கள் அலமாரியில் இன்றைக்கும் அட்டையின் முனையில் சிவப்புப் பேனாவால் மாதத்தை எழுதித்தான் வைக்கிறோம். ஈரம் ஏறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அடுக்குகிறோம். மலையில் மருந்தைக் காப்பாற்றுவது பாதி இந்தச் சுவரோடு நடக்கும் சண்டை.

மருந்துச் செலவை இப்படிக் குறைத்ததில் நோயாளிக்கு எதுவும் குறையவில்லை. கமிஷன் வாங்கியவர்களுக்குத்தான் குறைந்தது.

கமர்ஷியல் சாலை

நன்றி மருந்துப் பெட்டி! நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். சிதறிக் கிடந்ததை ஒன்றுசேர்த்தார்கள், பணம் மிச்சமானது. மருந்துக்குச் சரி என்றால் மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் ஏன் சரியில்லை?

கருவூலத்து ஆள்

அங்கேதான் தடம் மாறுகிறீர்கள். கழகம் ஒன்றுசேர்த்தது கொள்முதலை. மருந்தைக் கொடுக்கும் இடத்தை அது ஒன்றுசேர்க்கவில்லை. மாத்திரை இன்றும் அந்தந்த ஊர் ஜன்னலில்தான் கிடைக்கிறது. சென்னையில் விலை பேசலாம். சென்னையில் ஊசி போட முடியாது. ஒரு செலவை மேலே இழுக்கும்போது நோயாளியும் கூடவே மேலே ஏற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற வேண்டியதில்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்: கொள்முதல், சம்பளப் பட்டியல், வாகனப் பராமரிப்பு, எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொல்வது. ஏற வேண்டும் என்றால் அது மிச்சம் இல்லை, நோயாளியின் பெயரில் எழுதிய பற்றுதான்.

ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த மாதிரியை எடுப்பதை ஊரிலேயே வைத்து, குழாயைக் குளிர்பெட்டியில் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பயணம் போக வேண்டியது ரத்தம்; அந்த அம்மா எதற்குப் போக வேண்டும்?

கூடலூர் சந்தைக்கடை

இன்னோர் உதாரணம் எங்கள் ஊரில் இருக்கிறது. யாரும் சொல்லக் காணோம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்ட ஆறு இனமும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். 1986இல் கூடலூரில் அக்கார்டு அமைப்பு பழங்குடியினரின் நில உரிமைக்காகத் தொடங்கியது. 1990இல் அஷ்வினி என்ற மருத்துவ அமைப்பு, பின்னர் பழங்குடியினருக்கென்றே மருத்துவமனை. பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றினார்கள்.

1992இல், அதாவது அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, பழங்குடியினரின் சங்க உறுப்பினர்களுக்கு அங்கே குழுக் காப்பீடு தொடங்கினார்கள். கூலிக்குப் போகும் பணியர் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை சிறு தொகை கட்டும். மீதியை அமைப்பு திரட்டும். பணம் குறைவு என்பதற்காக ஊரில் போய்ப் பார்க்கும் வேலையை அவர்கள் வெட்டவில்லை. கர்ப்பிணிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று குடிசை வாசலிலேயே பார்த்துவிட்டால் பிறகு ரத்தம் ஏற்றும் செலவு வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரிவாள் செல் நோய் உள்ள பிள்ளைக்கு மாத்திரை தவறாமல் போய்ச் சேர்ந்தால் வலி தாங்காமல் தூக்கிக்கொண்டு ஓடும் இரவுகள் குறையும். 2021இல் அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீட்டுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான்.

பனிக்காலச் செவிலியர்

அந்தத் திட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் தன்னார்வலர்களுக்குக் கொடுப்பது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. மேட்டில் இருக்கும் ஹட்டி என்ற படுகர் ஊருக்கும் சரிவில் இருக்கும் காலனிக்கும் சமவெளிக் கணக்கில் வீட்டு எண்ணிக்கை வைத்தால் முழங்கால் போய்விடும். பாராட்டும்போது இதையும் பேசுங்கள்.

பிரசவக் காத்திருப்பு அறை பற்றியும் சொல்ல வேண்டும். தொலைவிலுள்ள பழங்குடிக் கர்ப்பிணியை நாள் நெருங்கும்போதே வரவழைத்து நிலையத்தில் தங்கவைக்கும் அறை. துணைக்கு வருபவருக்கும் சாப்பாடு உண்டு. கட்டில், போர்வை, வெந்நீர், இரண்டு வேளை சோறு: மொத்தச் செலவு அவ்வளவுதான். அதில் சாப்பாட்டுப் பட்டியல் தாமதமானால் துணைக்கு வந்த மாமியார் பொறுமை இழந்து மருமகளை வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவார். பிறகு நடுராத்திரி 108க்கு அழைப்பு வரும். யானை நிற்கும் பாதையில் வண்டி காத்திருக்கும். சில நூறு ரூபாய்ப் பட்டியலைத் தாமதப்படுத்துபவருக்கு அந்த ராத்திரி தெரியாது.

கமர்ஷியல் சாலை

சரி, உணர்ச்சியைத் தூண்டும் உதாரணங்கள் போதும். பணம் எங்கிருந்து? 15ஆவது நிதிக்குழு மத்திய வரிப் பங்கீட்டில் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.079 சதவீதம்தான் என்று புலம்பலாம்; தேசிய சுகாதார இயக்கத்தில் 40 சதவீதத்தை மாநிலம் போட வேண்டியிருக்கிறது என்றும் புலம்பலாம். புலம்பினால் நுட்புநர் வரமாட்டார். என் யோசனை: 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. எத்தனை வண்டி வருகிறது என்பது இனிமேல் யாரும் மறைக்க முடியாத கணக்கு. வண்டிகளிடம் வசூலிப்பதில் ஒரு பங்கைச் சாலையோர நிலையங்களின் இரவுப் பணிக்கு என்று ஒதுக்கிவிடட்டும். விபத்தில் சிக்கும் பயணிக்கும் அது பயன்தானே. ஒரே நிபந்தனை: அந்தப் பணத்தில் வரவேற்பு வளைவு கட்டக்கூடாது.

சேரம்பாடிப் பேத்தி

கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம், அண்ணா. ஆனால் சுற்றுலா வண்டி அதிகம் வராத சேரம்பாடிக்கும் எருமாட்டுக்கும் அதில் எத்தனை பைசா வரும்? பங்கு போடுவது வண்டி எண்ணிக்கையிலா, மருத்துவமனையிலிருந்து இருக்கும் தூரத்திலா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

குந்தாக்காரன்

தூரத்தில் என்பது என் ஓட்டு. இதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம் என்று ஊரில் பேசியிருக்கிறோம். அதற்கு முன்னால் கையில் காகிதம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "எங்கள் நிலையத்தில் ஆய்வக நுட்புநர் ஏன் இல்லை? இரவுப் பணி ஏன் நடப்பதில்லை?"

கருவூலத்து ஆள்

"ஏன்" என்று கேட்காதீர்கள். காரணம் விளக்குவது பொதுத் தகவல் அலுவலரின் கடமையில் வராது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை, காலியான தேதி. சென்ற மூன்று நிதியாண்டுகளில் சம்பளத் தலைப்பிலும் ஆய்வகப் பொருள் தலைப்பிலும் ஒதுக்கியது, செலவிட்டது, மார்ச் 31க்குள் சரண்டர் செய்தது. நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

பனிக்காலச் செவிலியர்

அயல்பணி ஆணைகளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவேட்டில் அவர் உங்கள் நிலையத்து ஆளாகவே இருப்பார். காலியிடம் என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும்.

குந்தாக்காரன்

சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் போகிறது.